சாம்பாரைப் பிரிச்சுக் குடுத்த பில்டர்

கேக்கிறதுன்னா கடைசி வரைக்கும் உக்காந்து கேளுங்க. பாதியில எந்திரிச்சுப் போறவங்களுக்கு மீதிப் பொய்யை வீடு தேடி வந்து சொல்ல எனக்கு நேரம் கிடையாது. இன்னொண்ணு, இதுல வர்ற பொய் பூராவும் பிச்சக்கனியோடது, எனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. நடுவுல ஒரே ஒரு உண்மை வரும். அதுவும் அவனோடதுதான். அவனைக் கவுத்துனதும் அதுதான், காப்பாத்துனதும் அதுதான்.

உப்பளத் தெருன்னு ஒரு தெரு. எங்க தோண்டுனாலும் தண்ணி வரும், ஆனா வாயில வைக்க முடியாது. சோறு பொங்குனா உப்புப் போட வேண்டாம், சோப்புத் தேச்சா நுரை வராது. குடிக்க வாரத்துல ரெண்டு நாள் லாரி வரும். சனங்க டிரான்ஸ்பார்மர்ல இருந்து வரிசையா குடத்தை வச்சுட்டு, ரேஷன் கடைச் சுவத்து நிழல்ல போய் நிப்பாங்க.

அந்த வரிசைக்கு ஒரு சட்டம் உண்டு. வீட்ல நல்ல தண்ணிக்கு வழி உள்ளவங்க குடம் வைக்கப்படாது. போன கோடையில ஒருத்தர் தண்ணியைச் சுத்தம் பண்ற பெரிய மெசினா வாங்கி மாட்டிட்டு, பழக்க தோஷத்துல நாலு குடத்தோட வரிசைக்கும் வந்துட்டாரு. அன்னைக்கு நடந்த ரகளையில பொறந்த சட்டம் அது. அதைக் காக்குறது தங்கபுஷ்பம். அம்பத்தஞ்சு வயசு, வாயில எப்பவும் பாக்கு, கையில ஒரு சாக்பீஸ். ஒவ்வொரு குடத்துக்கு முன்னாலயும் தரையில நம்பர் எழுதிருவா. எழுதுனது எழுதுனதுதான்.

அந்தச் சனிக்கிழமை பிச்சக்கனிக்கு விழுந்தது முப்பத்தொண்ணும் முப்பத்திரண்டும். லாரியில எப்படியும் நாப்பது குடம் நிரம்பும். ஒரு கவலையும் இல்ல. அவன் செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், வாயை மூடிட்டு நிக்கணும்.

அதை அவன் பெண்டாட்டி சொர்ணமும் சொல்லித்தான் அனுப்பியிருந்தா. "இன்னைக்கு எங்க அண்ணன் வாராவ. வந்ததும் அவுக கையில ஒரு செம்பு நல்ல தண்ணி குடுக்கணும். அவுக இந்த வீட்ல தண்ணி குடிக்காமப் போனா, அவுக கூடவே நானும் கிளம்பிருவேன், பாத்துக்கிடுங்க. வரிசையில நிக்கும்போது வாயை மட்டும் தொறந்துராதிய."

சொர்ணம் சும்மா மிரட்டுற ஆள் இல்ல. ஒரு தடவை சமைக்க மாட்டேன்னு சொல்லிட்டு ஒன்பது நாள் அடுப்பே பத்த வைக்கல. அதனால பிச்சக்கனிக்கு உள்ளுக்குள்ள பயம் இருந்துச்சு.

ஒரு செம்புத் தண்ணிக்கு இத்தனை பாடான்னு நீங்க கேக்கலாம். அதுக்கு ஆறு மாசம் பின்னால போகணும். அப்பத்தான் பிச்சக்கனி பில்டர் செஞ்சான். செஞ்சது நெசம். மேல ஒரு பிளாஸ்டிக் வாளி, கீழ ஒரு நீல டிரம். வாளிக்குள்ள கூழாங்கல்லு, மணலு, சிரட்டைக்கரி. வாளி அடியில ஓட்டை, ஓட்டைக்கு வேட்டித்துணி. டிரம்முக்கு ஒரு குழாய். மேல ஊத்துனா தன்னால வடிஞ்சு கீழ வரும், கரண்டும் வேண்டாம் மோட்டாரும் வேண்டாம். மொத்தமே நூத்தி எண்பது ரூவாய்க்குள்ள முடிக்கணும்னு, டிரம்மை மட்டும் தெருவுக்குப் பின்னால இருக்கிற கருவாட்டுக் கொட்டகையில பழசா வாங்கிட்டான். புளி போட்டு மூணு தடவை தேச்சான். ஒரு வாரம் வெயில்ல கவுத்துப் போட்டான். தலையை உள்ள விட்டு மோந்து பாத்தான், ஒரு வாடையும் இல்ல. கருவாட்டு வாடை அப்படித்தான், காயும்போது ஒளிஞ்சுக்கிடும், தண்ணி பட்டா எந்திரிச்சு வந்துரும்.

தண்ணி என்னமோ கண்ணாடி மாதிரி வந்துச்சு. மணலும் கரியும் கலங்கலைத்தான் பிடிக்கும், உப்பைப் பிடிக்காது, அதனால உப்பு அப்படியேதான் இருந்துச்சு. அந்த நேரம் பாத்து சொர்ணத்தோட அண்ணன் வைகுண்டமணி வெயில்ல வந்து சேந்தான். திருச்செந்தூருக்கு மாலை போட்டு நாப்பதாவது நாள், மறுநாள் நடந்து போகணும். தாகத்துல ஒரு செம்பை வாங்கி அண்ணாந்து மடக்கு மடக்குன்னு குடிச்சான். குடிச்சு முடிச்சுட்டுத்தான் மூக்கு வேலை செஞ்சுது. என்ன வாடை மாப்ளன்னு கேட்டான்.

பிச்சக்கனி ஒத்துக்கிட்டானா? கடல் காத்துன்னான். உங்க மூக்குல சூடு ஏறியிருக்குன்னான். விரதம் இருக்கிறவங்களுக்கு அப்படித்தான் தோணும்னு வேற சொன்னான். வைகுண்டமணி செம்பைக் கீழ வச்சான், இந்த வீட்ல இனி பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போனான். போனவன் போனவன்தான். சொர்ணம் அன்னைக்கே பில்டரைப் பிரிச்சு எறிஞ்சா. வாளியில இப்ப கோழித் தீவனம் கிடக்கு. தங்கச்சி ஆறு மாசம் அழுது அழுது கூப்பிட்டதுக்கு அப்புறம் இன்னைக்குத்தான் அண்ணன் வாரான்.

இப்ப வரிசைக்கு வருவோம். பிச்சக்கனி அரை மணி நேரம் வாயைத் தொறக்கலைங்க. தெருவே அவனுக்கு உடம்புக்குச் சரியில்லையோன்னு பாத்துச்சு. கெட்ட நேரத்துக்கு ஜெபமணி வந்தான். கூரியர் கம்பெனியில வேலை, தெருவுக்குக் குடி வந்து ஒரு மாசம்தான் ஆகுது, எதைச் சொன்னாலும் நம்புற பிள்ளை. அவன் குடம் முப்பத்தாறும் முப்பத்தேழும். தண்ணி மெசினுக்குப் பதினோராயிரம் கேக்காங்க, கையில செய்யிற மாதிரி ஏதாவது உண்டா அண்ணாச்சின்னு, வேற ஆளே இல்லாத மாதிரி, பிச்சக்கனிகிட்டயே கேட்டான்.

முதல்ல அடக்கமாத்தான் சொன்னான். நூத்தி எண்பது ரூவாய்ல நானே செஞ்சேன் தம்பி, அரை நாள் வேலைன்னான். அது வரைக்கும் நெசம். ஜெபமணி செல்போனை எடுத்துக் குறிச்சுக்கிட ஆரம்பிச்சான் பாருங்க, அங்கதான் வினை. தான் பேசுறதை ஒருத்தன் எழுதி எடுக்கிறதைப் பாத்ததும் பிச்சக்கனிக்கு உச்சி குளுந்துபோச்சு. சொர்ணம் சொன்னது மறந்துபோச்சு, மச்சான் வர்றதும் மறந்துபோச்சு.

"நூத்தி எண்பதுன்னா சொன்னேன்? அறுபதுன்னு போட்டுக்க" ன்னான். மணல்தான் முக்கியமாம். தாமிரபரணியில ஏழு துறையில ஏழு பிடி அள்ளி, ஏழு சல்லடையில சலிச்சானாம். கடைசிச் சல்லடையில இறங்குன மணல் கண்ணுக்கே தெரியாதாம். சொர்ணம் ஒரு தும்மல் போட்டா, முக்கால் மூட்டையைக் காணோமாம்.

தங்கபுஷ்பம் பாக்கை ஒதுக்கிட்டுக் கேட்டா. "கண்ணுக்குத் தெரியாத மணல் காணாமப் போனது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"மூட்டை எளைச்சுப்போச்சுல்லா எக்கா."

முதல் நாள் ஒரு குடம் உப்புத்தண்ணி ஊத்துனானாம். கீழ இளநீர் கணக்கா இறங்கிச்சாம். உப்பு மட்டும் மேல ஏடு கட்டி நின்னுச்சாம். சுரண்டி எடுத்தா ரெண்டு கிலோ. ஒரு வாரத்துல பத்து மூட்டை. உப்பளத்து முதலாளி கார்ல வந்து இறங்கி, பிச்சக்கனி, உன்னால சந்தையில உப்பு விலை படுத்துருச்சு, நான் பிள்ளகுட்டிக்காரன்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சுனாராம். பாவமேன்னு ஞாயித்துக்கிழமை மட்டும் பில்டருக்கு லீவு விட்டானாம்.

நிழல்ல நின்ன சனம் ஒவ்வொருத்தரா நெருங்கி வந்துச்சு. நம்பி வரல, சும்மா நிக்கிற நேரத்துக்கு இது தேவலையேன்னு வந்துச்சு. கொத்தனார் ஒருத்தர், உப்புத்தண்ணி மட்டும்தான் சுத்தமாகுமான்னு கொக்கி போட்டாரு. கேக்கக் கூடாத கேள்வி அது.

"உப்புத்தண்ணியா? அண்ணாச்சி, ஒரு நாளு முந்தின நாள் சாம்பார் ஊசிப்போற மாதிரி இருந்துச்சு. சாக்கடையில கொட்டுறதை இதுல கொட்டுவோமேன்னு கொட்டுனேன். சித்த நேரத்துல கீழ பச்சத்தண்ணி. மேல எட்டிப் பாக்கேன், துவரம்பருப்பு தனியா காய்ஞ்சு கிடக்கு. முருங்கைக்காய் முழுசா ஒண்ணரை முழம். தக்காளி காம்போட உக்காந்திருக்கு. புளி, கொட்டையோட."

"கடுகு?" ன்னு கேட்டா தங்கபுஷ்பம்.

"வெடிக்காம இருந்துச்சு எக்கா."

பெருங்காயம் தன்னால டப்பாவுக்குள்ள போயிருச்சாம். சொர்ணம் அதே காயை அள்ளி மறுபடியும் சாம்பார் வச்சாளாம், இவன் சாப்பிட்ட மிச்சத்தை மறுபடியும் ஊத்துனானாம். ஒரு தடவை வாங்குன காய் ரெண்டு மாசம் ஓடிச்சாம். ஜெபமணி விரலு வலிக்க வலிக்கக் குறிச்சான்.

சாம்பாரோட விட்டானா? சீலா மீன் குழம்பையும் ஊத்திப் பாத்தானாம். வாளிக்குள்ள டமார் டமார்னு சத்தமாம். என்னன்னு பாத்தா சீலா உசுரோட துள்ளுதாம். சைக்கிள்ல கொண்டுபோய்க் கடல்ல விட்டுட்டு வந்தானாம். உடம்புல மஞ்சள் மட்டும் போகலையாம், இன்னைக்கும் மஞ்சப் பூசுன சீலா ஒண்ணு அந்தப் பக்கம் திரியுதாம்.

"துண்டு போட்ட மீனு எப்படிப்பா நீந்தும்?" கொத்தனாருக்குக் கோவமே வந்துருச்சு.

"தலைத்துண்டு முன்னால போச்சு அண்ணாச்சி. மத்த துண்டெல்லாம் நம்ம குடம் மாதிரி வரிசையாப் பின்னால போச்சு."

ரெண்டு பொம்பளைங்க சிரிச்சுச் சிரிச்சுச் சுவத்தைப் பிடிச்சாங்க. தங்கபுஷ்பம் மட்டும் சிரிக்கல. மெதுவா, ஒரு குடம் ஊத்துனா எத்தனை குடம் வரும் பிச்சக்கனின்னு கேட்டா. அவ எதுக்கு அப்படிக் கேட்டான்னு யோசிக்கிற புத்தி இருந்தா அவன் ஏன் அப்படிப் பேசுறான்? மூணு குடம் வரும்னான். அழுக்கு இருந்த இடமெல்லாம் காலியாகுதுல்லா, அந்த இடத்துலயும் தண்ணி வந்து நிறைஞ்சுக்கிடுமாம். கோவில்பட்டியில ஒரு கல்யாணத்துக்குப் போகையில குழாயை மூட மறந்துட்டானாம். ரெண்டு நாள் கழிச்சு வந்தா, வீட்டுக் கட்டில் பஸ் ஸ்டாண்டுல கிடக்குதாம், அது மேல கோழி முட்டை போட்டு அடை காக்குதாம்.

"போன ஐப்பசியில நம்ம தெருவுல இடுப்பளவு தண்ணி வந்துச்சே. மழைன்னா நினைச்சிய?"

ஜெபமணி, கடைசியா மொத்தச் செலவு எவ்வளவுன்னு போட அண்ணாச்சின்னு பயபக்தியாக் கேட்டான். செலவு ஒண்ணும் இல்ல, டிரம்காரன் எனக்குத்தான் இருபது ரூவா குடுத்தான்னு பிச்சக்கனி முடிச்சான்.

சரியா அந்த நேரம் லாரி வந்து நின்னுச்சு. டிரைவர் தலையை நீட்டி, மேலத் தெருவுல கூடப் பிடிச்சுட்டாங்க, இன்னைக்கு முப்பத்தஞ்சு குடம்தான் தேறும்னு சொன்னான். பின்னால இருந்தவங்க எல்லாரும் கத்துனாங்க. தங்கபுஷ்பம் கையைத் தூக்கி அமத்திட்டு நேரா நடந்து வந்தா. முப்பத்தொண்ணையும் முப்பத்திரண்டையும் ரெண்டு கையில தூக்கி ஓரமா வச்சா.

தன் குடத்தை அவ முன்னுக்குக் கொண்டுபோறதா நினைச்சு பிச்சக்கனி இளிச்சான். "என்னத்துக்கு எக்கா சிரமம்" ன்னான்.

"சிரமம் உனக்கு எதுக்குன்னுதான் சொல்லுதேன். ஒண்ணு ஊத்துனா மூணு வருது உன் வீட்ல. சட்டம் தெரியும்ல, குடத்தை எடுத்துட்டுப் போ. அந்தத் தம்பிக்காவது கிடைக்கட்டும்."

ஜெபமணி நன்றியோட கையெடுத்துக் கும்பிட்டான். அண்ணாச்சிக்குத்தான் லாரித் தண்ணி தேவையில்லையேன்னு அவன் மனசாரச் சொன்னான்.

பிச்சக்கனிக்கு அப்பத்தான் சொர்ணம் ஞாபகத்துக்கு வந்தா. நான் சொன்னது பொய்ன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. ஆனா முப்பத்தொன்பது வருசத்துல அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவன் சொன்னதே கிடையாது. பழக்கமில்லாத வாயி, வந்தது வேற.

"எக்கா, ஒரு சங்கடம். பில்டர் முழுகாம இருக்கு."

கொத்தனார் ஒரு அடி முன்னால வந்தாரு. பிச்சக்கனி நிறுத்தல.

"ஏழாவது மாசம். உப்புத்தண்ணி ஆகாதுன்னு சொல்லியிருக்கு. நாள் தவறாம ரெண்டு குடம் நல்ல தண்ணி குடுத்தாத்தான் குட்டி பில்டர் ஊனமில்லாம வரும். பொறந்ததும் முதல் குட்டி உங்களுக்குத்தான்."

சிரிப்புல ஒருத்தி தரையிலயே உக்காந்துட்டா. தங்கபுஷ்பம் முகம் அசையல. மாசமா இருந்தா தாய்வீட்ல கொண்டுபோய் விடு, என் வரிசையில விடாதன்னு சொல்லிட்டு டிரைவரைப் பாத்துக் கையை ஆட்டுனா. குழாய் இருபத்தொன்பதை நிரப்பிச்சு, முப்பதை நிரப்பிச்சு, ஓரத்துல கிடந்த ரெண்டு குடத்தையும் தாண்டி முப்பத்திமூணுக்குப் போச்சு. தண்ணி அதுல விழுற சத்தம் பிச்சக்கனி நெஞ்சுல விழுந்துச்சு.

அதுலயும் பாருங்க, லாரி கேபின்ல இருந்து இன்னொரு ஆள் இறங்குனான். கையில ஒரு பை, ஒரு சீப்பு வாழைப்பழம், ஓலைக்கொட்டான்ல கருப்பட்டி. மெயின் ரோட்டுல டிரைவர்கிட்ட லிப்ட் கேட்டு ஏறியிருக்கான். வைகுண்டமணி. மாப்ளையைப் பாத்தான், ஓரத்துல கிடந்த ரெண்டு குடத்தையும் பாத்தான்.

பிச்சக்கனிக்குக் கண்ணு நிறைஞ்சுபோச்சு. சொர்ணம் துணிப்பையைத் தூக்கிட்டுப் படி இறங்குறது அப்படியே தெரிஞ்சுது. வாயி தன்னால தொறந்துச்சு.

"எக்கா, பில்டரும் இல்ல ஒண்ணும் இல்ல. அது கருவாட்டு டிரம்மு. காசு மிச்சம் பிடிக்கணும்னு கருவாட்டுக் கொட்டகையில வாங்கிச் செஞ்சேன். தண்ணி உப்பும் கருவாடுமா நாறிச்சு. சொர்ணம் அன்னைக்கே உடைச்சு எறிஞ்சுட்டா. வீட்ல சொட்டுத் தண்ணி இல்ல எக்கா."

தங்கபுஷ்பம் பாக்கைத் துப்புனா. துப்பிட்டு, அமைதியாச் சொன்னா. "இந்தா பாரு பிச்சக்கனி. துண்டு மீனு நீந்துனதைக் கூட நம்பிருவேன். குடிக்கிற தண்ணிக்குக் கருவாட்டு டிரம்ல பில்டர் செய்ய ஒரு மனுசன் இருப்பான்னு மட்டும் நம்பச் சொல்லாத. பொய்க்கும் ஒரு அளவு வேணும்."

ஆமா ஆமான்னாங்க எல்லாரும். கொத்தனாரு, இதுதான் இன்னைக்குச் சொன்னதுலயே பெரிய புளுகுன்னு தீர்ப்பே சொல்லிட்டாரு. பிச்சக்கனி அம்மா மேல சத்தியம் பண்ணுனான், சொர்ணம் மேல பண்ணுனான், கருவாடு மேலயும் பண்ணுனான். வாழ்க்கையில முதல் தடவையா ஒரு உண்மையை எடுத்து வெளிய வச்சான், அதை வாங்க ஒரு ஆள் இல்ல. குழாய் முப்பத்திநாலுக்குப் போயிருச்சு.

"அவரு சொல்லுறது நெசம்."

பின்னால இருந்து வந்த குரல். வைகுண்டமணி பையைக் கீழ வச்சுட்டு முன்னால வந்தான்.

"அந்தத் தண்ணியில ஒரு செம்பு நான் குடிச்சிருக்கேன். நாப்பது நாள் விரதம் அந்த டிரம்லதான் போச்சு. கடல் காத்துன்னு சாதிச்சாரு. தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு ஆறு மாசமா இருந்தேன்."

சொல்லும்போதே அவன் மூக்கு ஒரு தடவை தன்னால சுருங்கிச்சு. தங்கபுஷ்பம் அந்த மூக்கைத்தான் பாத்தா. அப்படிச் சுருங்குறது நடிப்புல வராதுன்னு அவளுக்குத் தெரியும். டிரைவரைக் கூப்பிட்டு, முப்பத்தொண்ணையும் முப்பத்திரண்டையும் நிரப்பிட்டு மத்ததைப் பாருன்னா. நிரம்பிச்சு. முப்பத்தஞ்சோட லாரி காலி. ஜெபமணியோட ரெண்டு குடமும் அப்படியே நின்னுச்சு. அந்தப் பையன் ஒரு வருத்தமும் படல. செல்போன்ல குறிச்சதை மேலயும் கீழயும் தள்ளித் தள்ளிப் பாத்துட்டே நின்னான்.

மச்சான் ஒரு குடம், மாப்ள ஒரு குடம், ரெண்டு பேரும் தோள்ல வச்சு வீட்டுக்கு வந்தாங்க. வாசல்ல நின்ன சொர்ணம் அதைப் பாத்ததும் செம்பு எடுக்க உள்ள ஓடுனா. குடத்தை இறக்குன உடனே ஒரு செம்பு மொண்டு அண்ணன் கையில குடுத்தா. வைகுண்டமணி முதல்ல மோந்து பாத்தான். அப்புறம் அண்ணாந்து ஒரே மூச்சுல குடிச்சு, வாயைத் துடைச்சு, நல்லா இருக்கும்மான்னான். சொர்ணம் முந்தானையால முகத்தை மூடிட்டு அழுதா. பிச்சக்கனி வாயி சும்மா இருக்குமா? மச்சான், இந்தக் குடம் இருக்கே, இது லேசுப்பட்ட குடம் இல்லன்னு ஆரம்பிச்சான். சொர்ணம் முந்தானையை விலக்கி ஒரு பார்வை பாத்தா. நிறுத்திக்கிட்டான்.

அப்பத்தான் வாடை வந்துச்சு. வைகுண்டமணி செம்பைப் பாத்தான், சொர்ணம் குடத்தைப் பாத்தா, மூணு பேரும் வாசலைப் பாத்தாங்க. தோள்ல ஒரு நீல டிரம்மோட ஜெபமணி நிக்கான், மூஞ்சியெல்லாம் வேர்வை.

"அண்ணாச்சி, கொட்டகையில இது ஒண்ணுதான் இருந்துச்சு, ஓடிப்போய் வாங்கிட்டேன். நல்லா யோசிச்சுப் பாத்தேன். மணலும் கரியும் எல்லாரும்தான் போடுறாங்க, அவங்களுக்கு சாம்பார் பிரியலையே. அப்ப சூட்சுமம் கருவாட்டு டிரம்லதான் இருக்கு. அதனாலதான் அதைக் கடைசி வரைக்கும் சொல்லாம வச்சிருந்திய. கழுவப்படாதுன்னு நானா கண்டுபிடிச்சுட்டேன், சரிதானே?"

பிச்சக்கனி வாயைத் தொறந்தான். என்ன சொல்ல வந்தான்னு சத்தியமா எனக்குத் தெரியாது, ஆனா அவன் முகத்துல ஒரு பிரகாசம் வந்ததைத் தெருவே பாத்துச்சு.

வைகுண்டமணி தங்கச்சியைத் திரும்பிப் பாத்தான்.

"சொர்ணம், அந்த ரெண்டு குடத்தையும் மூடி வை."